பண்டாரம் என்னும் பட்டம்

பண்டாரம் என்றதும் கோயிலில் பூமாலை தொடுப்பவரோ, காவியுடுத்த சைவத் துறவியோதான் நம்மவர் பலர்க்கும் நினைவில் எழுவர். வன்னி நாட்டிலோ அச்சொல் வாளேந்திய ஒருவனுக்கு உரியது.

பண்டாரம் என்பதன் பழம்பொருள் கருவூலம். கருவூலம் உடையார் அரசர். ஆதலின் அது அரசகுடியினர்க்கும் பட்டமாயிற்றுப் போலும். யாழ்ப்பாணத்தில் புவிராஜ பண்டாரம் ஆண்டான். கண்டியிலோ கோனப்பு பண்டார முடிசூடினான். ஓட்டாண்டிக்கும் கோமானுக்கும் ஒரே பெயர் வாய்த்தது தமிழின் விந்தைகளுள் ஒன்று!

1803 ஆகஸ்டில் முல்லைத்தீவில் ஆங்கிலேயரை வென்ற பண்டார வன்னியனின் பெயர்க்கும் அரசப் பொருளே பொருந்தும். அவ்வாண்டு அக்டோபர் 31இல் கப்டன் வொன் டிரிபேர்க்கிடம் அவன் தோற்றதைக் கற்சிலைமடுவில் கல்லிற் பொறித்தனர் ஆங்கிலேயர். தோல்வி கூறும் அக்கல்லிலும் 'பண்டார' என்னும் பட்டத்தை அவர்கள் விட்டுவிடவில்லை.