மருந்து நஞ்சாகாமல் காப்போம்

(கோட்டூர்புரத்தில் நடைபெற்ற விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களுள் மருந்துக்கும் இடம் தந்தது நம் மரபு. கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்றும், காரியாசான் தம் நூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும் மருந்தின் பெயரையே சூட்டினர். ஏலாதிச் சூரணத்தில் ஏலம் ஒரு பங்கு எனத் தொடங்கிச் சுக்கு ஆறு பங்கு வரை ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. அளவு பிறழ்ந்தால் மருந்து மருந்தாகாது.

கள்ளை விலக்கி வாழும் குடும்பங்கள் நம்முடையவை. ஆகவே, போதை நம் வாயிற்படியைத் தாண்டாது என்று நம்புகிறோம். ஆனால், மாத்திரைக்கு வாடை இல்லை. அது மருத்துவர் சீட்டோடு முறையாகவே வீட்டிற்குள் வருகிறது. சீட்டின் காலம் முடிந்த பின்னும் தொடரும்போதுதான் தீமை தொடங்குகிறது.

தூக்கத்திற்கும் பதற்றத்திற்கும் தரப்படும் அல்பிரசோலம், டயசிபாம் போன்றவை சில வாரங்களிலேயே உடலைப் பழக்கிவிடக் கூடியவை. முன்பு ஒன்று தந்த உறக்கத்தைப் பின்னர் இரண்டு தருவதில்லை. முதியோருக்குத் தள்ளாட்டமும் மறதியும் மிகும். இரவில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் உண்டு. அஞ்சித் திடீரென நிறுத்தினாலோ வலிப்பே வரக்கூடும். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைப்பதே பாதுகாப்பு.

இளைஞர் நிலை இன்னும் கவலைக்குரியது. டேபென்டடால் போன்ற கடும் வலி நிவாரணிகளைப் போதைக்காக விற்போர் சென்னையில் கைதாகும் செய்திகளை அண்மை ஆண்டுகளில் நாளிதழ்களில் அடிக்கடி காண்கிறோம். மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுவோரும் உளர். கரையாத துகள்கள் இரத்தக் குழாயை அடைக்கும். பகிர்ந்த ஊசி மஞ்சள் காமாலையையும் எச்.ஐ.வி.யையும் கொணரும், அளவு மிகுந்தால் மூச்சே நின்றுவிடும்.

மத்திய சமூக நீதி அமைச்சகம் 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வறிக்கையின்படி, மருத்துவத் தேவையின்றி மயக்க மருந்துகளைப் பயன்படுத்துவோர் நாட்டில் ஏறத்தாழ 1.18 கோடிப் பேர். இவர்கள் அனைவரும் பிறர் வீட்டுப் பிள்ளைகள் என்று எண்ணிவிட வேண்டா.

சட்டம் கண்மூடி இருக்கவில்லை. 2014 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள எச்-1 அட்டவணையின்படி, அதில் அடங்கிய மருந்துகளை விற்கும் கடைக்காரர் நோயாளி பெயர், மருத்துவர் பெயர், விற்ற அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் காக்க வேண்டும். டிரமடால் 2018இல் போதைப்பொருள் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. ஆயினும், தெரிந்த கடைக்காரரிடம் “பழைய சீட்டுத்தானே, கொடுங்கள்” என்று நாமே கேட்டால், அந்தச் சட்டத்தை வலுவிழக்கச் செய்பவர்கள் நாமே அல்லவா?

ஆகவே, சிலவற்றை வேண்டுகிறேன். வீட்டிலுள்ள தூக்க மாத்திரைகளையும் வலி மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள், வாரந்தோறும் எண்ணுங்கள். ஒருவர்க்கு எழுதியதை மற்றொருவர்க்குக் கொடாதீர்கள். அன்பினால் கொடுப்பினும் அது ஔடத தானம் ஆகாது. சீட்டு எழுதும் மருத்துவரிடம், “இதை எத்தனை நாள் உண்ண வேண்டும், எப்படி நிறுத்த வேண்டும்?” என்று தயங்காமல் கேளுங்கள்.

எவரேனும் சிக்கியிருப்பின், ஊரார் என்ன சொல்வரோ என்று மறைக்காதீர்கள். அடிமைத்தனம் ஒரு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. நமக்கு அருகிலேயே, அடையாறு இந்திரா நகரில், திருமதி சாந்தி ரங்கநாதன் 1980இல் தோற்றுவித்த டி.டி.கே. மருத்துவமனை இப்பணியைச் செய்து வருகிறது. 14446 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணிலும் வழிகாட்டுதல் பெறலாம்.

எவ்வுயிர்க்கும் இன்னா செய்யாமையே நம் அறம். அவ்வுயிர்களுள் நம் உயிரும் ஒன்று. நம் பிள்ளையின் உயிரும் ஒன்று. இன்று இல்லம் திரும்பியதும் மருந்துப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள்.

அறம் வளர்க!