ஊராள்வோர் ஒருங்கு கூடுக!



சாரல் பருவத்தில் குற்றாலத்துக்கு வருவோர் அருவியைக் காண்கின்றனர். அருவியடியில் நின்று அவ்வூரைப் பேணும் பேரூராட்சியை எவரும் காண்பதில்லை. சூன் திங்களில் மேலைக்காற்று மலைக் கணவாய் வழியே புகுந்து தூவத் தொடங்கியதும், பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் சிற்றருவிக்கும் புலியருவிக்குமாக மக்கள் ஆயிரக் கணக்கில் வந்து குவிகின்றனர். குளிக்கின்றனர், உண்கின்றனர், எஞ்சியதை எறிந்துவிட்டு ஊர் திரும்புகின்றனர். விடிந்ததும் அதனைக் கூட்டி அள்ளுபவர் யார்? கழிப்பிடம் கழுவுபவர் யார்? தெருவிளக்குக்கு மின்கட்டணம் செலுத்துபவர் யார்? சில ஆயிரம் பேரே நிலையாகக் குடியிருக்கும் ஒரு சிற்றூரின் பேரூராட்சி!

அப் பேரூராட்சிக்கு அரசு பகிர்ந்தளிக்கும் பொருளுக்கு முகன்மையான அளவுகோல் எது? மக்கள்தொகை. அதுவும் 2011ஆம் ஆண்டில் எடுக்கப்பெற்ற கணக்கு. 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு அவ்வாண்டில் எடுக்கப்படவே இல்லை. குற்றாலத்துக்கு வந்துபோகும் மாந்தன் அக் கணக்கில் இல்லை. அவன் விட்டுச்சென்ற குப்பை மட்டும் தெருவில் இருக்கின்றது. ஊர்திக் கட்டணமும் கடை ஏலமும் ஓரளவு கைகொடுக்கும் எனலாம். ஆனால் மழை பொய்த்த ஆண்டில் அருவியும் இல்லை. அவ் வரவும் இல்லை. துப்புரவுப் பணியாளர்க்கோ பன்னிரு திங்களும் சம்பளம் தந்தாக வேண்டும்.

2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் பழைய குற்றாலத்தில் எதிர்பாராது இறங்கிய காட்டுவெள்ளம், பதினேழு அகவையே நிரம்பிய இளைஞன் ஒருவனை அடித்துச் சென்று உயிர் குடித்தது. பழைய குற்றாலம் என்றதும் அது குற்றாலப் பேரூராட்சியைச் சார்ந்ததென எண்ணுவோர் பலர். அன்று, அது ஆயிரப்பேரி ஊராட்சியின் எல்லையில் உள்ளது. மேலே மலை காட்டுத்துறையுடையது. கீழே கூட்டத்தைத் தடுக்கும் கடமை காவல்துறையினது. துப்புரவும் விளக்கும் ஊராட்சியின் பொறுப்பு. மலையுச்சியில் மழை கொட்டுகின்றதெனும் செய்தி அடிவாரத்துக்கு வந்து சேர எத்தனை அலுவலகங்களைக் கடக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்! வெள்ளத்துக்கு எல்லைக்கல் தெரியாது.

ஆற்றுக்கும் அப்படியே. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசியைத் தழுவி ஓடி, சீவலப்பேரியில் பொருநையோடு கலக்கின்றது. குற்றாலத்தில் ஒருவன் எறியும் ஞெகிழித்தாள் தென்காசியின் கரையில் ஒதுங்கும். தென்காசியின் சாய்க்கடை கீழூர்க்காரன் வயலில் பாயும். ஆகவே குற்றாலத்தின் துப்புரவு குற்றாலத்தோடு முடிவதன்று. தென்காசியின் குடிநீர் தென்காசியோடு முடிவதன்று. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில், சுரண்டை என்னும் ஆறு நகராட்சிகளும், அவற்றிடையே உள்ள பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் தனித்தனியே சென்னைக்கு மனு எழுதிக்கொண்டிருப்பதை விட, ஓரிடத்தில் அமர்ந்து கலந்து பேசி ஒரே குரலில் கேட்டாலன்றோ செவி சாயும்?

கூட்டங்களே நடப்பதில்லையா எனின், நடக்கின்றன! நகராட்சி ஆட்சித்துறைக்கு நெல்லையில் மண்டல இயக்குநர் அலுவலகம் உண்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஆய்வுக் கூட்டங்கள் உண்டு. அங்கு மேலிருந்து வினவுவர். கீழிருப்போர் விடை கூறுவர். வரி எத்தனை விழுக்காடு தண்டப்பட்டது? பணி எத்தனை முடிந்தது? ஏன் முடியவில்லை? இவையும் வேண்டிய வினாக்களே. ஆனால் ஊர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவன் வினாத் தொடுக்கவும், அரசு விடை கூறவும் ஆனதொரு கூட்டம் எங்கே? அதுவே இன்று வேண்டப்படுவது.

இது தமிழர்க்குப் புதியதொன்றன்று. ஊர், நாடு, நகரம் எனும் மூன்று சொற்களும் இன்று வெறும் இடப்பெயர்களாகத் தேய்ந்துவிட்டன. சோழ பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் அவை ஆட்சி மன்றங்களின் பெயர்கள். உழுகுடிகள் வாழ்ந்த சிற்றூரின் மன்றம் 'ஊர்'. வணிகர் பேரூரின் மன்றம் 'நகரம்'. ஊர்கள் பல சேர்ந்த பரப்பு 'நாடு'. அப்பரப்புக்குப் பொறுப்பானவர் 'நாட்டார்'. நிலவரியும் நீர்ப்பாசனமும் ஓரூர்க்குள் அடங்காதவை என்பதனாலேயே நாட்டார் கூடினர். இன்று 'மண்டலக் கூட்டம்' எனப்படுவதை அன்றைத் தமிழன் 'நாடு' என்றே அழைத்தான்!

உத்தரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டைப் பலரும் அறிவர். அது பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியது. அதற்கு ஏறத்தாழ நூறாண்டு முற்பட்ட கல்வெட்டொன்று நெல்லையிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில், மானூரில் உள்ளது. பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தது. ஊரவையில் அமர்வோர்க்குரிய தகுதிகளை வகுத்துரைக்கும் அக் கல்வெட்டு, அவையில் எதைக் கூறினும் மறுத்துக் குழப்புவோர்க்கு ஐந்து காசு தண்டம் என்றும் விதித்துள்ளது. (இன்றைய மன்றங்களில் அத் தண்டத்தைத் தண்டினால் பல நகராட்சிகளின் பற்றாக்குறை தீர்ந்துவிடும்!) இவ் விரண்டு கல்வெட்டுகளையும் காட்டி மார்தட்டுவோர் ஒன்றை மறைக்கின்றனர். அவ் விரண்டும் பார்ப்பனர்க்குக் கொடையாக வழங்கப்பட்ட ஊர்களின் அவைகள்; மறையோதியவனுக்கே அங்கு இடம். உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் பெண்ணுக்கும் அங்கு இருக்கை இல்லை. எனவே பழமையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஊர்கள் கூடி முடிவெடுக்கும் அவ் வழக்கத்தையே. யார் கூடுவது எனும் வரம்பையன்று.

இனி, பொருளுக்கு வருவோம். தில்லியில் அமர்ந்த பதினைந்தாம் நிதிக்குழு, 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகட்கு உள்ளாட்சிகளுக்கென 4,36,361 கோடி உருபா பரிந்துரைத்தது. தொகை பெரிது. அதனோடு கட்டிய கயிறும் பெரிது! பெருமாநகர்கள் நீங்கலாகத் தென்காசி போன்ற ஊர்களுக்கு அக் காலத்தில் வந்த நல்கையில் நூற்றுக்கு அறுபது பங்கு, இன்ன பணிக்கென முன்னரே கட்டப்பட்ட தொகை. முப்பது குடிநீர்க்கு, முப்பது துப்புரவுக்கு. குடிநீரும் துப்புரவும் வேண்டாதவையா எனின், மிக வேண்டியவையே. ஆனால் தென்காசியில் இவ்வாண்டு முதலில் செய்ய வேண்டியது குழாயா, பாலமா, பள்ளிச் சுவரா என்பதை யமுனைக் கரையில் இருந்து எவ்வாறு அறிவர்? எஞ்சிய நாற்பதிலும் சம்பளம் தரலாகாதாம். துடைப்பம் வாங்கலாம், துடைப்பம் பிடிக்கும் கைக்குக் கூலி வேறிடத்தில் தேட வேண்டும்!

அதனோடும் நிற்கவில்லை. சொத்துவரிக்குக் கீழ்வரம்பு அறிவித்து, மாநிலப் பொருளாக்க வளர்ச்சிக்கு ஒப்ப ஆண்டுதோறும் வரவைக் கூட்டினாலன்றி நல்கை இல்லை என்பது அக் குழுவின் கட்டளை. 2022ஆம் ஆண்டு பிப்பிரவரி 19ஆம் நாள் தமிழகமெங்கும் நகர்மன்றத் தேர்தல் நடந்தது. மார்ச்சுத் திங்களில் தலைவர்கள் பொறுப்பேற்றனர். ஏப்பிரல் தொடக்கத்திலேயே சொத்துவரி உயர்வு வந்தது. சென்னை நீங்கிய ஊர்களில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காடு. 1,800 சதுர அடியைக் கடந்த வீட்டுக்கு 100 விழுக்காடு. தில்லி விதித்த கட்டளையை முன்னிட்டுச் சென்னை அறிவித்தது. வசை விழுந்ததோ, நாற்காலியின் சூடு கூட அறியாத நகர்மன்றத் தலைவர் தலையில்!

தொழில்வரியைப் பாருங்கள். தமிழகத்தில் அது உள்ளாட்சிகளே தண்டிக்கொள்ளும் வரி. அரசமைப்புச் சட்டத்தின் 276ஆம் பிரிவு அதற்கு உச்சவரம்பு கட்டியுள்ளது. தொடக்கத்தில் ஆளொருவர்க்கு ஆண்டுக்கு 250 உருபா. 1988இல் அறுபதாம் திருத்தத்தால் 2,500 உருபா. அதன்பின் அவ் வரம்பு உயரவேயில்லை. அன்று தங்கம் விற்ற விலை என்ன, இன்று விற்பது என்ன? திங்கள்தோறும் இலக்கக் கணக்கில் ஊதியம் பெறும் அலுவலரும், அதில் சிறு பங்கே பெறுபவரும் அதே உச்சவரம்பில் ஒருங்கே நிற்கின்றனர். இவ் வரம்பை உயர்த்தும் உரிமை தென்காசி நகர்மன்றத்துக்கும் இல்லை. தமிழகச் சட்டமன்றத்துக்கும் இல்லை. தில்லி மன்றத்துக்கே உண்டு. அதே அரசமைப்பின் 285ஆம் பிரிவோ நடுவணரசின் உடைமைக்கு வரி விலக்கு அளிக்கின்றது. தென்காசித் தொடர்வண்டி நிலையத்துக்குச் சொத்துவரி இல்லை. பணிக்கட்டணம் எனும் பெயரில் கிடைப்பதைப் பெற்றுக்கொள்ள வேண்டியதுதான். கூரைவீட்டுக்காரன் வரி செலுத்தத் தவறினால் அறிவிப்பு வரும்.

தமிழகக் குப்பை வண்டிகளின்மேல் 'சுவச்சு பாரத்து' என எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். தள்ளுபவள் தமிழச்சி, தள்ளும் தெரு தமிழ்த்தெரு, குப்பைக்கு மட்டும் வடமொழிப் பெயர்!

இத்துணையும் தில்லியின் மேற் குற்றம். சென்னை குற்றமற்றதா? அதனையும் கூறாவிடின் இவ்வுரை ஒரு கண் மூடிய உரையாகும். மாநிலத் தன்னாட்சிக்கென 1969இல் இராசமன்னார் குழுவை அமைத்ததும், 1974இல் சட்டமன்றத்தில் முடிவு நிறைவேற்றியதும், 2025இல் குரியன் சோசப்பு தலைமையில் மீண்டும் ஒரு குழு அமைத்ததும் தமிழக அரசே. அவை போற்றத்தக்கவை. ஆயின் அதே தமிழகத்தில் 1970இல் நடந்த ஊராட்சித் தேர்தலுக்குப் பின் அடுத்தது 1986இல்தான் நடந்தது. 2016 அக்தோபரில் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நின்றுபோக, தென்காசி உள்ளிட்ட நகராட்சிகள் 2022 வரை ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலர் கையில் கிடந்தன. நெல்லையிலிருந்து தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகப் பிரிந்ததால், பிற மாவட்டங்களில் 2019 திசம்பரில் நடந்த ஊராட்சித் தேர்தல் இங்கு 2021 அக்தோபர் 6, 9ஆம் நாள்களில்தான் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்பதனையே கரணியமாகக் காட்டி நடுவணரசு நல்கையை நிறுத்தி வைத்ததும் அவ்விடைக்காலத்திலேயே. தில்லியின் முன் தன்னாட்சி கேட்டுக் கைநீட்டும் அரசு, தன் கீழுள்ள ஊரின் கையை முறுக்கலாமா? மாநிலத்தின் சொந்த வரிவருவாயில் நூற்றுக்குப் பத்துப் பங்கு உள்ளாட்சிகளுக்கு என ஐந்தாம் மாநில நிதிக்குழுக் காலத்தில் வகுக்கப்பட்டது. அப் பத்தைப் பன்னிரண்டாக்குக எனக் கேட்கும் குரல் ஊர்த்தலைவர்களிடமிருந்து ஒருங்கே எழவில்லையே!

கணவாய்க்கு அப்பால் பாருங்கள். செங்கோட்டையைக் கடந்து ஆரியங்காவு ஏறினால் பழஞ்சேர நாடு. 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்–கொச்சி ஆட்சியில் இருந்ததுதான். அக் கேரளத்தில் 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கி, மாநிலத் திட்டத்தொகையில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு வழங்க முடிவு செய்தனர். அங்கு நகராட்சித் தலைவர்களுக்கெனத் தனி மன்றம் உண்டு. ஊராட்சிகளுக்கெனத் தனிச் சங்கம் உண்டு. கட்சி வேறுபட்டோரும் ஊர்ப் பொருள் எனின் ஒரே மேசையில் அமர்கின்றனர். அங்கெல்லாம் பாலும் தேனும் ஓடுகின்றதெனக் கூறவில்லை. 2024 திசம்பரில் அந் நாட்டு மருத்துவமனைக் கழிவுகள் நெல்லை மாவட்டச் சிற்றூர்களில் கொட்டப்பட்டதும், பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்ட பின் அவை சரக்குந்துகளில் திரும்ப அள்ளிச் செல்லப்பட்டதும் நாடறிந்தவை. அக் கழிவு வரக்கூடிய வாயில்களுள் ஒன்று புளியறை. புளியறை ஊராட்சியும் செங்கோட்டை நகராட்சியும் தென்காசி நகராட்சியும் ஒன்றுகூடி, தம்மை ஒத்த மறுபுறத்து ஊர்த்தலைவர்களை நேரில் அழைத்துப் பேசும் வழக்கம் இருந்திருப்பின், தீர்ப்பாயம் வரை போகுமுன்னரே கேட்டிருக்கலாம். அண்டை வீட்டானிடமிருந்து குப்பையைப் பெற்றுக்கொள்ளல் வேண்டா. கூடிப் பேசும் பழக்கத்தைப் பெற்றுக்கொள்ளலாம்.

சட்டத்தில் இடமில்லை என எவரும் கூற வேண்டா. அரசமைப்பின் 243-இசட்டி பிரிவு மாவட்டத் திட்டக்குழு ஒன்றைக் கட்டாயமாக்கியுள்ளது. அதன் உறுப்பினருள் ஐந்தில் நான்கு பங்கினர் மாவட்ட ஊராட்சியிலிருந்தும் நகர்மன்றங்களிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். தமிழகத்தில் அதற்கான தேர்தல் 2023இல் நடந்தது. அங்கு நகரத்தாரும் ஊராரும் ஒருங்கே அமரலாம். அக் குழு அரசு அழைக்கும்போது மட்டும் கூடிக் கையெழுத்திட்டுக் கலையுமாயின், தலைவர்கள் தாமே திங்களுக்கொரு முறை ஒவ்வோர் ஊராகக் கூடலாம். அதற்கு எவர் இசைவும் வேண்டுவதில்லை. பொருட்குறிப்பும் முடிவும் கணக்கும் நல்ல தமிழில் எழுதப்பட்டு, மன்ற வாயிலில் ஒட்டப்பட வேண்டும். வரி கட்டும் உழவனுக்கும் பீடி சுற்றும் பெண்ணுக்கும் படித்தால் புரிய வேண்டும்.

முதற் கூட்டத்தைக் குற்றாலத்திலேயே வைக்கலாம். சாரல் நாளில் வைத்தால் இன்னும் நன்று. முதற்பொருள் ஒன்றே போதும். சூன், சூலை, ஆகத்து ஆகிய மூன்று திங்களிலும் ஊர்திக் கட்டண வாயில்களில் நாள்தோறும் எத்தனை வண்டி, எத்தனை தலை என எண்ணி எழுதுவது. அள்ளிய குப்பையை எடையிட்டு எழுதுவது. ஆயிரப்பேரியும் தன் அருவியில் அவ்வாறே எழுதுவது. கீழே தென்காசியில் சிற்றாற்று நீரை எடுத்து ஆய்ந்து அதனையும் உடன் சேர்ப்பது. அக் கணக்கில் ஆறு நகராட்சித் தலைவர்களும் பேரூராட்சி, ஊராட்சித் தலைவர்களும் கையொப்பமிட்டு, 2027இல் தொடங்கும் ஐந்தாண்டுக்குப் பங்கு வகுக்கும் மாநில நிதிக்குழுவின் முன் வைத்து, வந்துபோகும் மக்களுக்கும் பங்கு தருக எனக் கேட்கட்டும்.