முதல் வெளிநாட்டுப் பயணம்: இரண்டு பை, இரண்டு பட்டியல்

(கோலார் தங்கவயல், ராபர்ட்சன்பேட்டையில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

நான் இந்த ஊர்ச் சுரங்க ஆபீசில் கணக்கு எழுதியவன். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடும்வரை அதுதான் வேலை. இங்கே 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்துக்கு ஆட்கள் இறங்கியிருக்கிறார்கள். கூண்டில் ஏறுமுன் ஒவ்வொருவனும் தன் விளக்கைத் தானே பார்த்துக்கொள்வான். பக்கத்தில் இருப்பவன் விளக்கை நம்பி எவனும் இறங்கமாட்டான். இதைக் கேட்டே வளர்ந்த நான், பிள்ளையைப் பார்க்க முதல்முறையாக சிங்கப்பூர் கிளம்பியபோது அதை மறந்துவிட்டேன்.

இரண்டு பாஸ்போர்ட், பணம், மருந்து, பிள்ளையின் விலாசம் எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்து, நம்பர் பூட்டுப் போட்டு, என் தோளில் மாட்டிக்கொண்டேன். "நீ என் பின்னால் வந்தால் போதும்" என்று ஆத்துக்காரியிடம் சொன்னேன்.

டிக்கெட்டில் 'ஹிந்து மீல்' என்று போட்டிருந்தது. பெயரைப் பார்த்துத் திருப்தியானேன். சாப்பாடு வரப்போகிறதே என்று இன்சுலினையும் போட்டுக்கொண்டாயிற்று. தட்டைத் திறந்தால் கோழி! ஒரு பிஸ்கெட்டோடு கண்ணை மூடினேன். விடியற்காலையில் சாங்கி விமான நிலையத்தில் நடக்கும்போது வியர்த்துக் கொட்டியது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதற்குமேல் எனக்கு நினைவில்லை.

ஓடிவந்த தமிழ்ப் பணிப்பெண், "அம்மா, ஐயாவுக்கு இனிப்புநீர் இருக்கா?" என்று கேட்டாளாம். அது சர்க்கரை வியாதி என்று இவளுக்குப் புரியவே சற்று நேரமாயிற்று. என்ன மருந்து? தெரியாது. பிள்ளையின் போன் நம்பர்? தெரியாது. பூட்டு நம்பர்? தெரியாது. நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளை நான் ஒரு பெட்டியைப் போல அழைத்துப் போயிருந்தேன். அந்தப் பெண் கொடுத்த ஆரஞ்சு ஜூஸ்தான் என்னைக் காப்பாற்றியது.

ஆகவே கிளம்பப்போகும் தம்பதிகளுக்கு என் அனுபவத்தில் சில யோசனைகள்.

முதலாவது, பெயர். நம் இனிஷியலை பாஸ்போர்ட்டில் விரித்துத்தான் எழுதவேண்டும். சர்நேம் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். பெயர் ஒற்றைச் சொல்லாக இருந்தால் டூரிஸ்ட் விசாவில் வரமுடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் டிக்கெட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதமாவது மீதி இருக்கவேண்டும்.

இரண்டாவது, மருந்து. இன்சுலின் கைப்பையில்தான் இருக்கவேண்டும். சரக்கு அறைக் குளிரில் உறைந்து கெடக்கூடும். டாக்டர் சீட்டில் பிராண்ட் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் எழுதி வாங்குங்கள். சில தூக்க மாத்திரைகளுக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் சிங்கப்பூரில் முன் அனுமதி வேண்டும். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது பழைய வியாதிகளை மறைக்காதீர்கள். மறைத்தால் ஆஸ்பத்திரி பில் வரும்போது கை விரித்துவிடுவார்கள்.

மூன்றாவது, சாப்பாடு. பல விமானங்களில் 'ஹிந்து மீல்' என்றால் மாட்டிறைச்சி இல்லாத அசைவம்தான். 'ஏஷியன் வெஜிடேரியன்' என்று கேளுங்கள். புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பே சொல்லிவிடவேண்டும். எதற்கும் கையில் நாலு சப்பாத்தி இருக்கட்டும். தட்டு கண்ணெதிரே வந்த பிறகு இன்சுலின். போய் இறங்கிவிட்டால் கவலையில்லை. செராங்கூன் சாலையில் 1947 முதல் கோமள விலாஸ் இருக்கிறது.

நான்காவது, மூட்டை. கசகசாவும் அது கலந்த குருமாப் பொடியும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் வேண்டவே வேண்டாம். அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வரும். கொப்பரைத் தேங்காயை லக்கேஜில் போடக்கூடாது. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்கவேண்டும். ஊறுகாய் பெட்டிக்குள் போகட்டும்.

சிங்கப்பூர் செல்பவர்கள் வருகை அட்டையை இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பவேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். இங்கிருந்து தேவனஹள்ளி விமான நிலையத்துக்குக் காரில் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். புறப்படும் நேரத்துக்கு மூன்று மணி முன்னதாக அங்கே இருப்பது நல்லது.

கடைசியாகச் சொல்வதுதான் முக்கியம். இரண்டு பை, இரண்டு பட்டியல். அவரவர் பாஸ்போர்ட் அவரவர் பையில். இருவர் பையிலும் கொஞ்சம் பணம், இருவரின் மருந்துப் பட்டியல், பிள்ளையின் விலாசம், போன் நம்பர். செல்போன் எப்போது அணையும் என்று தெரியாது. எல்லாம் காகிதத்திலும் இருக்கட்டும்.

போன வருஷம் மறுபடியும் போனோம். கவுண்டரில் அவளே பாஸ்போர்ட்டை நீட்டினாள். நான் பின்னால் நின்றேன்.

இங்கே வந்திருக்கும் மாமிகளுக்கு ஒரு வேண்டுகோள். இன்று ராத்திரி, பார்க்காமல், உங்கள் பிள்ளை அல்லது பெண்ணின் போன் நம்பரைச் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லையென்றால் பிரயாண ஏற்பாட்டை அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

எல்லோரும் க்ஷேமமாகப் போய் க்ஷேமமாகத் திரும்பி வரவேண்டும். நமஸ்காரம்.