சித்திரத் தொடர்கதைகள் வெளிவரும் வடிவங்கள்

சித்திரக் கதை என்ற சொல்லைக் கேட்டதும், சிறுவர் கையிலே சுருண்டு கிடக்கும் மெல்லிய புத்தகமொன்றே நேயர்கள் பலரின் மனக்கண்ணில் தோன்றும். ஆனால் ஒரே கதை தினசரிப் பத்திரிகையின் ஓரத்தில் நான்கு கட்டங்களாக வரலாம். வாரச் சஞ்சிகையில் இரண்டு பக்கங்களாக வரலாம். நூல்நிலையத்தின் தட்டிலே கெட்டி அட்டை கட்டிய நூலாகவும் நிற்கலாம். இவற்றை ஒரே சரக்கைச் சுற்றிய வெவ்வேறு உறைகளென்று கொள்ளுதல் பொருந்தாது. வெளிவரும் வடிவமே கதையின் போக்கை வகுக்கின்றது. அக்கதை நிலைப்பதும் அழிவதும் பெரும்பாலும் அவ்வடிவத்தையே பொறுத்தவை. பிள்ளைகளுக்கு நூல் தெரிந்தெடுக்கும் பெற்றோரும் ஆசிரியரும் இதனை அறிந்திருத்தல் நன்று.

முதலில் தினசரித் தொடரை நோக்குவோம். அமெரிக்காவிலே 1907ஆம் ஆண்டில் பட் ஃபிஷர் என்னும் ஓவியர் சான் பிரான்சிஸ்கோ நகரத்துப் பத்திரிகையொன்றிலே தொடங்கிய சித்திரம், நாள்தோறும் வெளிவந்து வெற்றிகண்ட தொடர்களுக்கு முன்னோடியாயிற்று. இத்தகைய தொடரில் ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு கட்டங்களே உண்டு. சாகசக் கதையாயின், முதற் கட்டம் நேற்று நிகழ்ந்ததை நினைவூட்டவேண்டும். இறுதிக் கட்டம் நாளைய இதழையும் வாங்கச் செய்யவேண்டும். ஆகவே கதை நகர்வதற்கு எஞ்சுவன ஒன்றிரண்டு கட்டங்களே. ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கத்திலோ இடம் தாராளம். ஆயினும் இடநெருக்கடியுள்ள பத்திரிகைகள் மேல்வரிசையை நீக்கிவிட்டு அச்சிடுவதுண்டு. அதனை அறிந்த ஓவியர்கள் கதைக்கு இன்றியமையாத எதனையும் அவ்வரிசையில் வைப்பதில்லை.

வடிவம் மாறக் கதையும் மாறுவதற்குப் பெல்ஜியம் நாட்டு ஓவியர் எர்ஜேயின் டின்டின் கதைகள் சிறந்த சான்றாகும். 1929ஆம் ஆண்டு சனவரி 10ஆம் திகதி, பிரசல்ஸ் நகரத்துப் பத்திரிகையொன்றின் வியாழக்கிழமைச் சிறுவர் இணைப்பிலே டின்டின் அறிமுகமானான். வாரத்துக்கு இரண்டு பக்கங்கள் வீதம் கதை வளர்ந்தது; 1930இல் நூலாயிற்று. அக்காலத்து டின்டின் நூல்கள் நூறு பக்கங்களுக்கு மேற்பட்டவை. கறுப்பு வெள்ளையில் அமைந்தவை.

பின்னர் உலகப் போர் மூண்டது. 1940இல் எர்ஜே ‘லெ சுவார்’ என்னும் பத்திரிகையின் சிறுவர் இணைப்பிற் கதை வரையலானார். காகிதத் தட்டுப்பாட்டினால் அவ்விணைப்புச் சுருங்கி, 1941இல் நின்றுபோயிற்று. டின்டின் அப்பத்திரிகையின் தினசரித் தொடராக மாறினான். வாரத்துக்கொரு முறை வாசகரை அந்தரத்தில் நிறுத்தி வைத்த ஓவியர், இப்போது நாள்தோறும் அதனைச் செய்யவேண்டியவரானார். நூல்களுக்கும் காகிதம் அரிதாயிற்று. அச்சுத்தாள் ஒன்றை மடித்தால் 16 பக்கம். நான்கு தாள்களுக்கு 64 பக்கம். முகப்புப் பக்கங்கள் போகக் கதைக்கு 62 பக்கம். இக்கணக்கின்படி 1942 முதல் வண்ண நூல்கள் வெளிவந்தன. முந்திய நீண்ட கதைகளிற் பெரும்பாலானவையும் இந்த அளவுக்கு ஏற்பத் திருத்தி வரையப்பட்டன. ஆதலால் இன்று கடையிற் கிடைக்கும் நூல், பழைய கதையின் முழுப்பிரதி அன்று. அச்சகத்துக் கணக்குக்கு இசையச் செதுக்கப்பட்ட மறுவடிவமாகும்.

1944 செப்டெம்பரிலே பிரசல்ஸ் நகரம் விடுதலை பெற்றபோது, ஏழு பளிங்குக் கோளங்களைப் பற்றிய டின்டின் தொடர் பாதியில் நின்றது. 1946இல் டின்டினின் பெயரிலேயே ஒரு வாரச் சஞ்சிகை தொடங்கிய பின்னரே அது மீண்டும் தொடர்ந்தது. முடிவை அறிய இரண்டாண்டு காத்திருந்த சிறுவனின் ஏக்கம், அந்நூலை இன்று ஒரே மாலையிற் படித்து முடிப்பவனுக்குத் தெரியாது.

தமிழ் வாசகர் நன்கறிந்த இரும்புக்கை மாயாவியும் இவ்வகைப் பயணம் செய்தவரே. இங்கிலாந்தில் 1962இல் ‘வேலியன்ட்’ என்னும் வார இதழிலே தொடராகத் தோன்றிய அந்நாயகரை, சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸ் 1972இல் தமிழிலே தனிப் புத்தகத்தின் நாயகராக்கியது. இத்தகைய வாரத் தொடர்களை ஒருசேரப் படிக்கும்போது, ஓரிரு பக்கங்களுக்கொரு பேராபத்து ஏன் குறுக்கிடுகின்றது என்று வியப்பெழும். அவை முன்பு ஒரு வாரத்துப் பகுதி முடிந்த இடங்கள் என்பதை உணர்ந்தால் வியப்பு நீங்கும்.

அமெரிக்க மாதப் புத்தகத்தின் வரலாறு வேறு. 1938இல் சூப்பர்மேன் தோன்றிய இதழுக்கு 64 பக்கம்; விலை பத்துச் சதம். இருபதாண்டுகளுக்கு மேலாக அவ்விலை மாறாதிருக்க, பக்கங்கள் மாத்திரம் படிப்படியாக 32 ஆகக் குறைந்தன. பிற்காலத்தில் ஒரே கதை பல மாதங்களுக்கு நீள்வதும் வழக்கமாயிற்று. எனவே தனி இதழொன்றை வாங்குபவர் கதையின் நடுப்பகுதியை மட்டும் பெற்று, ‘தலையும் காலும் இல்லாத கதை’ என்று வெறுத்து ஒதுக்க நேரிடலாம். 1986, 1987ஆம் ஆண்டுகளிற் பன்னிரண்டு இதழ்களாக வந்த ‘வாட்ச்மென்’ ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டபோது, இதழ்களைக் கண்டிராத புதிய வாசகரையும் அடைந்தது. ஆர்ட் ஸ்பீகல்மன், யூத மக்கள் பட்ட கொடுமையைத் தம் தந்தையின் அனுபவத்தினூடே கூறிய ‘மௌஸ்’, முதலில் ஒரு சஞ்சிகையிலே பகுதி பகுதியாகவே வந்தது. 1986இலும் 1991இலும் இரு நூல்களாக நிறைவுற்று, 1992இலே புலிட்சர் சிறப்புப் பரிசினைப் பெற்றது.

யப்பானிலே வாரச் சஞ்சிகைகள் மலிவான தாளில் அச்சாகிய பருமனான ஏடுகள். பல கதைகள் ஒன்றாக வரும், படித்ததும் வீசிவிடுவர். வாசகர் விரும்பிய கதைகளே ஏறத்தாழ 200 பக்கங்கொண்ட சிறு நூல்களாக, வலமிருந்து இடமாகப் படிக்கும் முறையில் வெளிவருகின்றன. ஹிரோஷிமாவிற் குண்டு வீழ்ந்தபோது ஆறு வயதுச் சிறுவனாயிருந்து உயிர் தப்பிய கெய்ஜி நகஸாவா, அத்துயரத்தைக் கருவாகக் கொண்ட தம் ‘வெறுங்கால் கென்’ தொடரை 1973இல் இத்தகைய ஏடொன்றிலேதான் தொடங்கினார். வீசியெறியும் தாளோடு அது நின்றிருந்தால் உலகம் அச்சாட்சியத்தை இழந்திருக்கும். நூல்களாகத் தொகுக்கப்பட்டதனாலேயே அது பல மொழிகளுக்கும் சென்றது.

ஆதலின், நூல்நிலையத்துக்கோ வீட்டுக்கோ சித்திரக் கதை வாங்குவோர் மூன்று வினாக்களைக் கேட்டல் தகும். கையிலிருப்பது தனி இதழா, தொகுப்பா, தொடக்கத்திலேயே ஒரே நூலாக இயற்றப்பட்டதா? தொகுப்பாயின், எத்தனையாவது பாகம். முந்திய பாகங்கள் கிடைக்குமா? மூலத் தொடர் முழுவதும் உள்ளதா, சுருக்கப்பட்டதா? மூன்றாம் பாகத்தை மட்டும் வாங்கி வைத்துவிட்டு, பிள்ளைகள் அதனைத் தொடுவதில்லையே என்று குறைகூறுவதிற் பயனில்லை. முதற் பாகத்திலிருந்து முறையாகக் கொடுத்தால், அடுத்ததைத் தேடி அவர்களே நூல்நிலையத்துக்கு வருவர்.