அவரவர் செவிக்கு அவரவர் இசை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒலிப்பதிவு பற்றிச் சில சொற்கள் கூறுமாறு பணித்திருக்கின்றீர்கள். பரந்த பொருள் அது. அதனுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள விழைகின்றேன். இசைக்குழுவினர் ஒருங்கே அமர்ந்து பதிவு செய்யுங்கால், ஒவ்வொருவர் ஹெட்போனிலும் எது ஒலிக்க வேண்டும் என்பதே அப்பொருள். கேட்பதற்குச் சிறிய செய்திதான். ஆயினும் பதிவின் சிறப்பும், நம் பிள்ளைகளின் செவிநலமும் இதனைப் பொறுத்தே இருக்கின்றன.

முன்னாளில் இக்கேள்வி எழவில்லை. கச்சேரி மேடையில் பாடகர் நடுவே அமர்வார்; ஒருபுறம் வயலின், மறுபுறம் மிருதங்கம், பின்னே தம்புரா. அருகருகே இருந்தமையால் காற்றின் வழியாகவே ஒருவரையொருவர் கேட்டனர். கோடம்பாக்கத்திலும் இம்மாநகரிலும் பெரிய கூடங்களில் வாத்தியக்காரர் பலர் கூடி வாசிக்க, பாடகரும் உடன் பாட, திரைப்பாடல் முழுவதும் ஒரே வீச்சில் பதிவாயிற்று. பின்னர்ப் பல தடப் பதிவு வந்தது. அவரவர் தனித்தனியே வந்து தம் பகுதியை மட்டும் பதிந்து செல்லும் வழக்கமும் அதனோடு வந்தது.

இன்றோ ஒரு கணினியும் ஓர் ஆடியோ இன்டர்பேஸ் பெட்டியும் இருந்தால் வீட்டு அறையே ஒலிப்பதிவுக் கூடமாகிவிடுகின்றது. நம் தாராவியின் இசை வேட்கையை உலகம் அறியும். குப்பை பொறுக்கும் குடும்பத்துச் சிறுவர்கள் பழைய பிளாஸ்டிக் பீப்பாய்களையும் டப்பாக்களையும் தாளக்கருவிகளாக்கி முழக்கிய ‘தாராவி ராக்ஸ்’ குழு, அக்கார்ன் பவுண்டேஷன் அமைப்பின் ஆதரவில் எழுந்தது. 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘காலா’ திரைப்படத்தில் தாராவியின் டோப்பிடெலிக்ஸ் குழுவினர் ராப் பாடினர். இவர்களைக் கண்டு ஊக்கம் பெறும் இளைஞர்கள் தாமும் குழு அமைத்துத் தம் பாட்டைத் தாமே பதிய விழைவது இயல்பே.

ஆனால் பத்தடிக்குப் பத்தடி அறையில் டிரம்ஸ் முழங்கினால், பாடகர் முன்னுள்ள மைக்கிலும் அதுவே புகுந்துவிடும். கிதாரையும் கீபோர்டையும் ஒலிபெருக்கியில் வைத்தால் குழப்பம் மேலும் பெருகும். ஆதலின் அவற்றை நேரே இன்டர்பேஸில் இணைக்கின்றனர். அப்பொழுது அவற்றின் ஒலி அறையில் கேளாது; ஹெட்போனில் மட்டுமே கேட்கும். குழுவினர் சந்திக்கும் மேடை அந்த ஹெட்போனே ஆகின்றது.

இங்கேதான் பலரும் இடறுகின்றனர். ஒரே கலவையைப் பிரித்து எல்லோர் காதுக்கும் அனுப்புகின்றனர். பாடகர்க்குத் தம் குரல் கேளாது. தொண்டையை உயர்த்துவார், சுருதி விலகும். டிரம்ஸ் வாசிப்பவர்க்கு பேஸ் கிதார் கேளாது, காலப்பிரமாணம் தளரும். “என் ஒலியைக் கூட்டுங்கள்” என்று ஆளுக்கொரு குரல் எழும். எல்லாம் கூட்டப்பட்டபின் ஒன்றும் விளங்காது.

இதற்கு வழி நம் இலக்கியத்திலேயே உண்டு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் கருவிகளின் ஒழுங்கைக் கூறுகின்றார். குழலை யாழ் பின்பற்றுகின்றது. யாழைத் தண்ணுமை பின்பற்றுகின்றது. தண்ணுமையை முழவு பின்பற்றுகின்றது. ஒவ்வொரு கலைஞனும் தான் பின்பற்ற வேண்டிய கருவிக்கே முதலில் செவி கொடுக்கின்றான். ஹெட்போன் கலவைக்கும் இதுவே இலக்கணம். பாடகர்க்குத் தம் குரலும், சுருதி தரும் கீபோர்டும், மெல்லிய தாளமும் போதும். டிரம்ஸ் வாசிப்பவர்க்குக் காலம் காட்டும் கிளிக் ஒலியும் பேஸ் கிதாரும் முதன்மை. பேஸ் வாசிப்பவர்க்கு டிரம்ஸின் அடி தெளிவாக வேண்டும்.

இனிச் செய்முறை. முதலில் வெளிவழிகளை எண்ணுங்கள். எட்டு வெளிவழிகள் உள்ள பெட்டியில் ஒலிபெருக்கிகளுக்கு இரண்டு போக ஆறு எஞ்சும். ஆளுக்கொன்றாக, இரு காதிலும் ஒரே ஒலி கேட்கும் மோனோ முறையில், ஆறு பேர்க்கு ஆறு கலவை கிடைக்கும். இடையே தனித்தனி உள்வழிகள் கொண்ட ஹெட்போன் ஆம்ப்ளிபயர் வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொருவர்க்கும் ஒலி அனுப்பும் வழியை ‘ப்ரீ-பேடர்’ நிலையில் வையுங்கள். பதிவாளர் தம் கலவையை மாற்றினாலும் வாசிப்பவர் காதில் மாற்றம் நேராது.

மூன்றாவது, தாமதம். நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் கணினி, 256 மாதிரிகளாகத் தொகுத்துக் கையாண்டால் உள்ளே வருவதற்கு 5.3 மில்லிநொடி ஆகும். வெளியே செல்வதற்கும் அவ்வளவே. ஒலி காற்றில் ஒரு மில்லிநொடிக்குச் சுமார் 34 சென்டிமீட்டர் செல்லும். ஆகவே பாடகர் தம் குரலை மூன்றரை மீட்டருக்கு அப்பாலிருந்து கேட்பது போலாகும். கணினியைச் சுற்றாமல் இன்டர்பேஸிலிருந்தே ஒலியைத் திருப்பும் நேர்வழி, ‘டைரக்ட் மானிட்டரிங்’, இக்குறையைப் போக்கும்.

நான்காவது, காதை முழுதும் மூடும் ஹெட்போனையே கொள்க. இன்றேல் கிளிக் ஒலி கசிந்து பாடகர் மைக்கில் பதிந்துவிடும். மென்மையான இடங்களில் அது வெளிப்படையாகக் கேட்கும்.

இறுதியாக ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். ஒருவர் “என் குரல் கேட்கவில்லை” என்றால், உடனே அவர் குரலைக் கூட்டாதீர்கள். அவர் கலவையிலுள்ள பிறவற்றைக் குறைத்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ஆம் ஆண்டில் வகுத்த அளவுப்படி, பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம்; சிறுவர்க்கு அவ்வரம்பு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் காலம் பாதியாகக் குறையும். பெரியவர்க்கும் 89 டெசிபலில் ஐந்து மணி நேரமே எல்லை. ஒத்திகையும் பதிவுமாக அதனை ஒரே நாளில் கடந்துவிடலாம். உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. வாடகைக்கு எடுத்த கூடத்தில் ஒரு மணி வீணானால் பணம் போகும், பணத்தை மீட்கலாம். போன செவியை மீட்பது எங்ஙனம்?

வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அவர் கருதியது அறிஞர் சொல்லைக் கேட்கும் கேள்வி. இசைக்குழுவுக்கும் அது பொருந்தும். இளைஞர்களே! அடுத்த முறை பதிவுக்கு அமருமுன் முதல் அரைமணியைக் கருவி மீட்டுவதில் செலவிடாதீர்கள். ஒவ்வொருவரிடமும் “உமக்கு யார் கேட்க வேண்டும்?” என்று வினவி, அவரவர் கலவையை அமைத்துக் குறித்து வையுங்கள். அதன்பின் பாடுங்கள். ஒருவரையொருவர் கேட்டுப் பாடிய பாட்டை ஊரும் விரும்பிக் கேட்கும்.