இடுப்பு வலியும் ஸ்கேன் படமும்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு, மழையில் நனைந்தபடியே நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டாமல் விஷயத்துக்கு வருகிறோம். இன்றைக்குச் சம்பளத்தைப் பற்றிப் பேசப்போவதில்லை. அந்தச் சம்பளத்தைச் சுமக்கிற முதுகைப் பற்றிப் பேசப்போகிறோம்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மேல் லயத்து அக்கா ஒருவர் தோட்டை அடகு வைத்து, டவுனில் காசு கட்டி எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து, “வாசித்துச் சொல்லுங்கள்” என்றார். ‘டிஸ்க் டீஜெனரேஷன்’ என்று எழுதியிருந்தது. நாங்கள் அகராதியைப் பார்த்து, “இடுப்புத் தட்டு சிதைந்துபோயிருக்கிறது” என்று சொல்லி அனுப்பினோம். அன்றிலிருந்து அக்கா குனியவில்லை, தண்ணீர்க் குடம் தூக்கவில்லை. மூன்று மாதம் மலைக்குப் போகவில்லை. ஓ.எல். வகுப்பில் இருந்த மகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டு வேலை பார்த்தாள். பிறகு அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் டாக்டர் அதே படத்தைப் பார்த்துவிட்டு, “இது தலை நரைப்பது மாதிரி, வயதுத் தேய்வு. படுத்துக் கிடக்காதீர்கள், நடங்கள்” என்றார். அக்கா இப்போது திரும்பவும் கொழுந்தெடுக்கிறார். மகளுக்குப் போன மூன்று மாதத்தை நாங்கள் எங்கேயிருந்து கொடுப்பது?

அதற்குப் பிறகுதான் நாங்களும் இதைப் படித்துத் தெரிந்துகொண்டோம். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வலி எதுவும் இல்லாத 3,110 பேருடைய முதுகுப் படங்களைச் சேர்த்துப் பார்த்தது. வலியே இல்லாத 20 வயதுக்காரரில் 100க்கு 37 பேருக்குத் தட்டில் தேய்வு தெரிந்தது. 50 வயதில் 80 பேருக்கு, 80 வயதில் 96 பேருக்கு. ஆகவே ரிப்போர்ட்டில் அந்தச் சொல் இருப்பதாலேயே முதுகு முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. உங்கள் வலி எங்கே, கால் எப்படி இருக்கிறது என்று கையால் சோதித்துப் பார்த்த டாக்டர்தான் படத்துக்கும் வலிக்கும் சம்பந்தம் உண்டா என்று சொல்ல முடியும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. கவ்வாத்து வெட்டுகிற அண்ணன் ஒருவருக்கு இடுப்பிலிருந்து கால் பெருவிரல் வரை மின்சாரம் அடித்தது போல வலி. எக்ஸ்ரே எடுத்தார்கள். “படத்தில் ஒன்றுமில்லையே, பிறகெதற்கு லேசான வேலை?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். சோம்பேறி என்ற பெயரும் வந்தது.

தோழர்களே, எக்ஸ்ரே எலும்பைத்தான் நன்றாகக் காட்டும். முறிவு, எலும்பு விலகல், வளைவு தெரியும். எலும்புக்கு நடுவில் இருக்கிற மெத்தை போன்ற தட்டும், கால்களுக்கு இறங்குகிற நரம்பும் அதில் தெரியாது. அவற்றைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. சீ.ரீ. ஸ்கேன் எலும்பை எக்ஸ்ரேயைவிட நுணுக்கமாகக் காட்டும். விழுந்து அடிபட்டவர்களுக்கு அது உதவும். ஆகவே எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால், எலும்பில் பெரிதாக ஒன்றுமில்லை என்று மட்டுந்தான் அர்த்தம். ஆபீசில் படத்தை நீட்டி வாதாடாதீர்கள். எந்த வேலை செய்யக்கூடாது, எத்தனை நாளைக்கு என்று டாக்டரிடம் துண்டில் எழுதி வாங்குங்கள். அந்தத் துண்டோடு நாங்கள் பேசுகிறோம்.

சாதாரண இடுப்பு வலி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் குறையும். அதற்கு உடனே ஸ்கேன் தேவையில்லை, அடகுக் கடையும் தேவையில்லை. ஆனால் இதைக் கவனமாகக் கேளுங்கள். முதுகு வலியோடு மூத்திரம் போக முடியாமல் நின்றாலோ, தெரியாமல் போனாலோ, உட்காருகிற இடம் மரத்துப்போனாலோ, இரண்டு காலும் பலம் இழந்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. தைலம் தேய்க்கக் கூடாது. லொறி என்றாலும் பிடித்து அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பிந்தினால் நரம்பு திரும்பாமல் போகலாம். கானுக்குள்ளோ சரிவிலோ விழுந்து முதுகில் அடிபட்டவரைத் தூக்கி நிமிர்த்தி உட்காரவைக்காதீர்கள். பலகையில் நேராகக் கிடத்திக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று, காய்ச்சல், மெலிவு, இராத்திரியில் கூடுகிற முதுகு வலி. வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். காசநோய் முள்ளந்தண்டிலும் வரும். தொடக்கத்தில் எக்ஸ்ரே அதைத் தவறவிடலாம், எம்.ஆர்.ஐ. முந்திப் பிடிக்கும். சில பேருக்கு ஸ்கேனில் பார்த்தபடி ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதிப்பார்கள். ஊசி குத்தினால் கால் விழுந்துவிடும் என்று பயந்து கையெழுத்துப் போடாமல் வந்தவர்கள் இருக்கிறார்கள். கால் விழுவது பெரும்பாலும் நோயை விட்டுவைப்பதால்தான். காசநோய் மருந்து அரசாங்கத்தில் இலவசம்.

எம்.ஆர்.ஐ. காந்தத்தால் எடுக்கிற படம், அதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. குழாய்க்குள் அரை மணித்தியாலம் போல அசையாமல் படுக்கவேண்டும், தகரத்தில் தட்டுவது போலச் சத்தம் கேட்கும். நெஞ்சில் மெஷின் வைத்தவர்களும், கண்ணில் இரும்புத்தூள் பட்டவர்களும் முன்கூட்டியே சொல்லவேண்டும். நகையெல்லாம் கழற்றச் சொல்வார்கள். தாலியைக் கழற்ற மனமில்லாமல் திரும்பி வந்த அம்மா ஒருவரும் உண்டு. அடுத்த முறை கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு போனார், வேலை முடிந்தது. எக்ஸ்ரேக்கோ சீ.ரீ. ஸ்கேனுக்கோ போகிற பிள்ளைகள், வயிற்றில் பிள்ளை இருக்கலாம் என்றால் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.

வேலையில் விபத்து நடந்தால் அன்றைக்கே டிஸ்பென்சரியில் போய்ப் பதியுங்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் நமக்கும் உரியது. வேலையால்தான் அடிபட்டது என்று காட்ட அந்தப் பதிவும் ரிப்போர்ட்டும் வேண்டும். மூலப் பிரதியை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், போட்டோ கொப்பி கொடுங்கள்.

இனி நாங்கள் அகராதியை வைத்து ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் சொல்லமாட்டோம். கிளினிக் நாளில் பாஷை தெரிந்த ஒருவர் உங்களோடு வருவார், டாக்டரிடமே கேட்போம். அடுத்த கிளினிக்குக்குப் போகிறவர்கள் இப்போதே செயலாளர் தம்பியிடம் பேரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.