வாசற்பணி வளர்ந்த திருப்பணி



திருவரங்கத்து உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் பழைய வீடு வைத்திருப்போர் நன்கறிந்த செய்தி ஒன்று உண்டு. மழைக்காலத்தில் திண்ணையோரம் நீர் தேங்குகிறதே என்று கொத்தனாரை அழைப்பார்கள். காரையைப் பெயர்த்ததும் உள்ளே செங்கல் பொரிந்திருப்பது தெரியும். செங்கல்லை எடுத்தால் நிலைவாசல் சாய்ந்திருக்கும். வீதியோ ஆண்டுதோறும் மேடேறி, வீடு பள்ளத்தில் இருக்கும். மூன்று நாள் வேலை மூன்று மாதமாகும். மேல்தளத்தையும் பார்த்துவிடலாமே என்று சொல்லாத கொத்தனார் அரியர்!

அரங்கன் திருமாளிகையின் வாசலுக்கும் ஒரு வரலாறு உண்டு. காவிரியைக் கடந்து தெற்கிலிருந்து வருவோரை எதிர்கொள்ளும் இராஜகோபுரம், நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அடித்தளத்தோடு நின்றிருந்தது. விஜயநகர வேந்தர் அச்யுததேவராயர் காலத்தில் தொடங்கி, அவர் மறைவுக்குப்பின் கைவிடப்பட்டது என்பர். மக்கள் அதனை மொட்டைக் கோபுரம் என்றே அழைத்தனர். தலைமுறை தலைமுறையாக அதன் கீழே நடந்து சென்று, அக்குறை கண்ணுக்குப் பழகிப்போயிற்று.

அஹோபில மடத்தின் 44-ஆம் பட்டம் அழகியசிங்கர் கண்ணுக்கு மட்டும் அது பழகவில்லை. எண்பது வயதைக் கடந்த அத்துறவி, 1979-இல் திருப்பணியைக் கையிலெடுத்தார். பழங்கல்லின்மீது பதின்மூன்று நிலைகளை எழுப்பினால் அடித்தளம் தாங்குமா? தாம் இருந்து காணும் காலத்திற்குள் நிறைவேறுமா? எவருக்கும் எழக்கூடிய ஐயங்களே இவை. அன்பர்களின் பொருளுதவியால் பணி நிலை நிலையாக உயர்ந்து, எட்டாண்டுகளில் முடிந்தது. 1987 மார்ச் 25-ஆம் நாள் குடமுழுக்கு நிகழ்ந்தபோது கோபுரம் 236 அடி உயர்ந்து நின்றது. அழகியசிங்கரும் அதனைக் கண்ணாரக் கண்டார்.

திண்ணையோர நீரின் கதை 2015 குடமுழுக்கையொட்டிய திருப்பணியில் திரும்பவும் வந்தது. பல நூற்றாண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்த பிற்காலக் கட்டுமானங்கள் கோயிலின் பழைய அமைப்பை மறைத்திருந்தன. அவற்றை நீக்கிப் பழைய அழகை மீட்டனர். சிற்ப சாத்திர முறைப்படியே சன்னதிகள் செப்பம் செய்யப்பெற்றன. முன்னோர் அமைத்த மழைநீர்ச் சேமிப்பும் வடிகாலும் புதுப்பிக்கப்பெற்றன. வெள்ளம் வந்தால் எந்தப் பொன்வேலைப்பாடும் காக்காது. நீர் போக வழி இருந்தால்தான் கல் நிற்கும். 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்புத் தகுதி விருது இத்திருப்பணிக்கு வழங்கப்பெற்றபோது, அந்நீர்வழிகளும் பாராட்டுரையில் இடம்பெற்றன.